நாலு விரல் உயரம்

காரின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று ஓட்டுகிறவனைக் கேட்கவே கூடாது. பின்னால் உட்கார்ந்து போகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். இதை முகத்துக்கு நேரே சொன்னதற்கு எங்கள் டிரைவர் ஒரு நாள் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்போது அவருடைய ரோஷத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. கையில் இருந்தது பத்தே நாள்.

கண்டரமாணிக்கத்தில் என் பிறந்த வீட்டில், கிணற்றடிப் படியில் வழுக்கி விழுந்து அப்பச்சி தொடை எலும்பை முறித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும்தான் கூப்பிடுவோம். என் கணவரும் என் இரண்டு தம்பிகளும் ரங்கூனில் இருந்தார்கள். அவர்களுக்குச் சேதி போய், அவர்கள் கப்பல் ஏறி வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்துபோகும். அதனால் நெற்குப்பையில் என் மாமியார் வீட்டிலிருந்து, இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று போனவள், அங்கேயே தங்கிவிட்டேன்.

உள்ளூர் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார். மூன்று வாரம் ஆகியும் வலி குறையவில்லை. காரைக்குடியிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தேன். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எலும்பு கோணலாச் சேர ஆரம்பிச்சிருச்சும்மா. பத்து நாளைக்குள்ள மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாச் சரி பண்ணிடலாம். அதைத் தாண்டினா இந்தக் கால் தரையில ஊன்ற உதவாது" என்றார்.

காலையில் எழுந்தால் கோயில், அப்புறம் தோப்பு, சாயங்காலம் ஊருணிக்கரை என்று நடந்துகொண்டே இருந்த மனிதர் அப்பச்சி. அவர்களைக் கட்டிலில் படுக்கவைத்து ஆயுசு முழுக்கப் பார்ப்பதா? என்னால் அதை நினைக்கவே முடியவில்லை. மறுநாள் காலையிலேயே அவர்களைக் காரில் ஏற்றினேன்.

அந்தக் காரை ஊரில் எல்லோரும் பிளசர் என்பார்கள். அப்பச்சி வாங்கும்போதே பழசு. கித்தான் கூரை, பக்கத்தில் கண்ணாடி கிடையாது. பத்து வருஷமாகக் கல்யாணச் சீர், நெல், விறகு, விருந்தாளி என்று எல்லாவற்றையும் பின்னாலேயே ஏற்றி ஏற்றி, அதன் பின்பக்கம் உட்கார்ந்துபோயிருந்தது. உட்கார்ந்துபோயிருந்தது என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை, பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. ஊரைத் தாண்டி அரை மைலில் ஒரு காட்டோடை உண்டு. பாலம் கிடையாது. சாலையே ஓடைக்குள் இறங்கி ஏறும். கார் இறங்கியதுதான் தாமதம், பின்னால் மடார் என்று ஒரு இடி. இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டது மாதிரி. அப்பச்சி அலறினார்கள். அவர்கள் சத்தம் போட்டு நான் அதுவரை கேட்டதே இல்லை. கோபம் வந்தால்கூட மெல்லப் பேசுகிற மனிதர். அந்த அலறல் அடங்குவதற்குள் காரைத் திருப்பச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடத்தியதும் அப்பச்சி சொன்னார்கள்: "கால் போனாப் போகட்டும். இனிமே அந்தப் பிளசர்ல நான் ஏற மாட்டேன். என்னையத் தூக்கணும்னா பாடையிலதான் தூக்கணும்."

"ஏறுவீக. நான் ஏத்துறேன்" என்றேன். வாய் சொல்லிவிட்டதே தவிர எப்படி என்று தெரியாது.

அன்று மத்தியானமே கார் கொட்டகைக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. டிரைவர் பீடியைக் காலில் போட்டு மிதித்துவிட்டு எழுந்து நின்றார்.

"பின்னால எது இடிச்சிச்சு? எனக்குக் காட்டு."

"அது ஓடை ஆச்சி. மேடு பள்ளம்னா இடிக்கத்தானே செய்யும்?"

"ஓடையக் கேக்கல. காருல எது எதுல இடிச்சிச்சுன்னு காட்டு."

குனிந்து காட்டினார். பின் சக்கரம் இரண்டையும் சேர்க்கிற இரும்பு அச்சு. அதற்கு மேலே காரின் உடம்பைத் தாங்குகிற சட்டம். சட்டத்தின் அடியில் இடி தாங்க ஒரு ரப்பர் கட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒருபக்கத்துக்கு ஒன்றாக வில். அடுக்கடுக்காக வைத்த எஃகுப் பட்டைகள், நம் வில்வண்டியில் இருக்கிறதே, அதே மாதிரி. அச்சுக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். காரில் யாரும் இல்லாதபோதே இரண்டு விரல்தான் நுழைந்தது. டிரைவரைப் பின் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னேன். ஒரு விரலும் நுழையவில்லை.

"இத்தனை நாளா இதப் பாக்கலையா நீ?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே ஆச்சி. ஓட்டுறப்ப நல்லாத்தானே இருக்கு!"

அப்போதுதான் நான் மேலே எழுதிய வார்த்தையைச் சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

வில்வண்டிக்கு வில் அடிக்கிற கொல்லர் ஒருவர் எங்கள் ஊர் எல்லையில் பட்டறை வைத்திருந்தார். அவரை வரச் சொன்னேன். வந்தார், பார்த்தார், "இதென்ன பிரமாதம்! ரெண்டு பட்டை சேத்தா எந்திரிச்சு நிக்கும்" என்றார். ஜாக்கி வைத்துத் தூக்கி, வில்லைக் கழற்றிக்கொண்டுபோய், வில்வண்டிக்கு வைத்திருந்த தடிப் பட்டையில் பக்கத்துக்கு இரண்டு சேர்த்து, மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்து மாட்டினார். கார் வாலைத் தூக்கிய கோழி மாதிரி நின்றது. கை முழுசாக நுழைந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆத்தாகூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள்.

நான் பின்னால் ஏறி உட்கார்ந்து காட்டோடை வரை போய்வரச் சொன்னேன். ஐயோ, அந்தப் பயணம்! ஓடையில் இடிக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் ஓடை வருவதற்கு முன்னாலேயே என் பல்லெல்லாம் ஆடிவிட்டது. ஒரு கூழாங்கல்லில் ஏறினாலும் ஆளைத் தூக்கிப் போட்டது. ஆட்டுக்கல்லின்மேல் உட்கார்ந்து போனால் எப்படியோ, அப்படி. திரும்பி வருகிற வரை இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தேன். முன்னால் டிரைவர், "பாத்தீகளா ஆச்சி, அசையவே இல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. நேரே பட்டறை வாசலில் காரை நிறுத்தச் சொன்னேன். கொல்லர் வெளியே வந்தார்.

"ஏறுங்க" என்றேன்.

"நானா? எங்குட்டு ஆச்சி?"

"பின்னால ஏறுங்க. ஓடை வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க. நான் இங்குட்டே நிக்கிறேன்."

ஆள் போய்விட்டுத் திரும்பி வந்தபோது இறங்க ஒரு நிமிஷம் பிடித்தது. தலைத்துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. பிட்டத்தைத் தடவிக்கொண்டே சொன்னார், "தப்புத்தான் ஆச்சி. ஒசரம் வந்துச்சு, மெத்து போயிருச்சு." தப்பைத் தப்பு என்று உடனே ஒப்புக்கொண்ட மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கு மேல் திட்ட மனசு வரவில்லை.

பிறகு அவரே யோசித்துச் சொன்னார். பட்டை குறைச்சல் இல்லை. இருக்கிற பட்டைகள் பாரம் தாங்கித் தாங்கி வளைவு போய் நிமிர்ந்துவிட்டன. புதுசாகச் சேர்த்த தடிப் பட்டைகளை எடுத்துவிட்டு, பழைய பட்டைகளையே உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, பழைய வளைவுக்கு அடித்து, எண்ணெயில் தோய்க்க வேண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே வண்டி மை தடவினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு மெத்தென்று ஆடும். ஆனால் மூன்று நாள் வேண்டும் என்றார். ஏற்கெனவே மூன்று நாள் போயிருந்தது. சரி என்றேன். தோய்க்க இலுப்பை எண்ணெய் ஒரு குடம் வீட்டிலிருந்து அனுப்பினேன். சாமி விளக்குக்கு வைத்திருந்தது. சாமி கோபித்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் வில்கள் வந்தன. இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. வெறும் காரில் கையை விட்டுப் பார்த்து என்ன பிரயோசனம்? பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். அப்பச்சியின் கனம் எங்களுக்குத் தெரியும். போன வருஷம்தான் கோயிலில் துலாபாரம் கொடுத்திருந்தார்கள். அரிசியில் ஒரு மூட்டைக்கு இரண்டு மரக்கால் குறைச்சல். அப்படியே அளந்து கட்டிப் பின் சீட்டில், அப்பச்சி சாய்ந்து உட்காரப் போகிற பக்கமாக வைக்கச் சொன்னேன். சீட்டின் நீளத்துக்கு அவர்கள் காலை நீட்டிக்கொள்ள, நான் கீழே ஒரு பலகையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு.

"ஆச்சிக்கு எம்புட்டு வைக்க?" என்று டிரைவர் கேட்டார்.

"அரை மூட்டை வையி, போதும்" என்றேன்.

டிரைவர் கொல்லரைப் பார்த்தார். கொல்லர் கொட்டகைக் கூரையைப் பார்த்தார். இரண்டு பேருமாக அரை மூட்டையைத் தூக்கி வைத்தார்கள்.

கையை விட்டேன். வலப்பக்கம் நாலு விரல் நுழைந்தது. அப்பச்சி சாயப்போகிற இடப்பக்கம் மூன்றுதான். "ஒரு விரல்தானே ஆச்சி" என்று டிரைவர் இழுத்தார். ஒரு விரலோ அரை விரலோ, இடித்தால் அலறப்போகிறவர் அவர் இல்லையே! கழற்றச் சொன்னேன். கொல்லர் முணுமுணுக்கவில்லை. இடப்பக்க வில்லைத் திரும்பவும் உலையில் வைத்து, அடித்து, மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கொண்டுவந்து மாட்டினார். இரண்டு பக்கமும் நாலு விரல். மூட்டைகளோடு நானே பின்பக்கம் நின்று காரை அமுக்கி ஆட்டிப் பார்த்தேன். தொட்டில் மாதிரி ஆடி நின்றது. ஓடைக்கும் ஒரு நடை போய்வந்தது. எங்கும் இடிக்கவில்லை.

அப்பச்சியை இணங்கவைத்தது தனிக் கதை. கடைசியில், "நீ என் கூட வரணும். ஒரே ஒரு தடவை இடிச்சாலும் அங்குட்டே வண்டியத் திருப்பணும். அதுக்கப்புறம் மதுரைப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார்கள். கையில் அடித்துச் சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். ஒன்பதாம் நாள் காலை நல்ல நேரம் பார்த்தாயிற்று.

நான் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தால் கார் பழையபடி உட்கார்ந்திருக்கிறது! எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்ப் பின்னால் பார்த்தேன். மணகோலம் ஒரு டின், சீடை ஒரு டின், அரிசி, பருப்பு, ஊறுகாய்ச் சாடி இரண்டு, எண்ணெய்த் தூக்கு, வெண்கலப் பானை, அடுக்குச் சட்டி, தலையணை மூட்டை. பின் கதவுவரை அடைத்திருந்தது. ஆத்தா இன்னொரு தூக்கோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன ஆத்தா இதெல்லாம்?"

"ஆஸ்பத்திரியில எத்தனை நாளு கெடக்கணுமோ! வெறுங்கைய வீசிக்கிட்டுப் போனா ஊரு சிரிக்காதா?"

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ஒரு வீட்டுப் படியிறங்கி இன்னொரு ஊருக்குப் போகிறாள் என்றால் டின்னும் தூக்கும் கூடவே போகும். அதுதான் எனக்கும் தெரியுமே! அரிசி மூட்டையெல்லாம் அளந்து வைத்துப் பார்த்த எனக்கு, ஆத்தாவின் கையைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தோன்றவில்லை பாருங்கள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் ஆத்தாவிடம்தான் பாய்ந்தேன். "ஊரு சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகட்டும். அப்பச்சி கால் வேணுமா, அடுக்குச் சட்டி வேணுமா?" என்று கத்தினேன். தெருவே பார்க்க ஒவ்வொன்றாக இறக்கினேன். சாமான் எல்லாம் மறுநாள் பஸ்ஸில் வரட்டும் என்று சொன்னேன். ஆத்தா அழுதார்கள். அவர்கள் அழுததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை.

நாலு பேர் பெஞ்சோடு தூக்கிவந்து அப்பச்சியைப் பின் சீட்டில் சாய்த்து வைத்தார்கள். அப்பச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். நான் ஏறிக் கீழே பலகையில் உட்கார்ந்தேன். கார் கீச்சென்று முனகிற்று. டிரைவர் பின்னால் போய்க் குனிந்து கையை விட்டுப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை விரல்?"

"ரெண்டு ஆச்சி."

"எப்புடி? சாமானெல்லாம் எறக்கியாச்சே!"

அவர் தலையைச் சொறிந்தார். "ஆச்சி கோவிச்சுக்கக் கூடாது..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

அந்த நாளில் நான் அப்பச்சியைவிட ஒரு சுற்றுப் பெருத்தவள். அரை மூட்டை என்று சொன்னபோது வாய் கூசாமல்தான் சொன்னேன். அந்த அரை மூட்டைப் பொய் இப்போது அப்பச்சியின் எலும்புக்கு அடியில் வந்து நின்றது. வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. திரும்பவும் வில்லைக் கழற்ற நாள் இல்லை. நான் இறங்கி வீட்டில் நின்றுவிடலாம் என்றால், நான் வராமல் அப்பச்சி போக மாட்டார்கள். எங்கள் சமையல்காரர் வாசலில் நின்றிருந்தார். ஒல்லிப்பிச்சான். அவர்தான் நிஜமான அரை மூட்டை. "நீங்க ஏறி அப்பச்சி காலைப் பிடிச்சுக்கங்க" என்று அவரைப் பின்னால் ஏற்றினேன். நான் சுற்றிக்கொண்டுபோய் முன் கதவைத் திறந்து டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.

இன்றைக்கு இதைப் படிக்கிறவர்களுக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அன்று எங்கள் வீட்டுப் பெண்கள் காரில் ஏறினால் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே திரை தொங்கும். டிரைவரின் முதுகைக்கூடப் பார்த்ததில்லை. தெருவில் பங்காளி வீட்டு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். "அடியே, இதென்னடி அநியாயம்! எறங்குடி!" என்று ஆத்தா மட்டும் ஓடிவந்தார்கள்.

"எத்தனை விரல்னு பாரு" என்றேன் டிரைவரிடம்.

"நாலு ஆச்சி."

"அப்ப எடு வண்டிய."

பாவம் அந்த மனிதர். என் புடவை மேலே பட்டுவிடக் கூடாது என்று தன் பக்கத்துக் கதவோடு ஒட்டிக்கொண்டு, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டபடிதான் ஓட்டினார். நான் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காட்டோடை வந்தது. கார் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். பின்பக்கம் ஒருமுறை தாழ்ந்தது, எழுந்தது, மறுகரை ஏறிவிட்டது. மடார் சத்தம் வரவில்லை. அப்பச்சி சத்தமும் வரவில்லை.

சத்தமே வராதது அப்புறம் பயமாகிவிட்டது. வலியில் நினைவு தப்பிவிட்டதோ? திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. திருப்பத்தூர்க் கடைத்தெருவில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. ஊர் தாண்டியதும் தாங்க முடியாமல் கேட்டேன். "அப்பச்சி எப்புடி இருக்காக?"

"சத்தம் போடாதீக ஆச்சி" என்றார் சமையல்காரர் குசுகுசுவென்று. "ஓடை தாண்டினதுமே தூங்கிட்டாக."

ஒரு மாதமாக ஒரு இரவுகூட அவர்கள் தொடர்ந்து தூங்கியது கிடையாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மேலூர் வரைக்கும் நிறுத்த முடியவில்லை. டிரைவர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து அப்பச்சி கைத்தடி ஊன்றிக்கொண்டு, தன் காலால் நடந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். அதே கார்தான் வந்து நின்றது. ரங்கூனிலிருந்து வந்திருந்த என் பெரிய தம்பி முன் கதவைத் திறந்துகொண்டு ஏறப்போனான். நான் வழக்கம்போலப் பின் கதவில் கை வைத்தேன். அப்பச்சி கைத்தடியை நீட்டி என்னை மறித்தார்கள். தம்பியைப் பார்த்து, "நீ பின்னால வா" என்றார்கள். என்னைப் பார்த்து, "நீ முன்னால ஏறு ஆத்தா. ஊருக்குள்ளயும் அப்புடியே வா" என்றார்கள்.